ரிடார்ட்: ஆய்வகத்தை விட்டுப் போன குடுவை, போகாத பெயர்

பள்ளி ஆய்வகங்களில் கனமான இரும்புப் பலகையும் அதன் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் கம்பியுமாக ஒரு தாங்கி இருக்கும். இயற்பியல் வகுப்பில் தனி ஊசல் சோதனைக்கு நூலைப் பிளந்த கார்க்கில் கொடுத்து இதில்தான் இறுக்குவார்கள். வேதியியல் வகுப்பில் ப்யூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதுவே. பொருள் பதிவேட்டில் இதன் பெயர் ரிடார்ட் ஸ்டாண்டு. பிரிட்டனிலும், பிரிட்டிஷ் பாடத்திட்டம் பரவிய இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலும் இதே பெயர்தான். அமெரிக்காவில் மட்டும் அதில் மாட்டும் வளையத்தை வைத்து ரிங் ஸ்டாண்டு என்கிறார்கள்.

தாங்கி எல்லா இடத்திலும் இருக்கிறது. எந்தப் பொருளைத் தாங்குவதற்காக அது செய்யப்பட்டதோ, அந்த ரிடார்ட்டைப் பெரும்பாலான மாணவர்கள் புத்தகப் படத்தில் பார்த்ததோடு சரி. நைட்ரிக் அமிலத்தை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறை என்ற பாடத்தில் அந்தப் படம் வரும். பானை வயிறு, அதன் உச்சியிலிருந்து பக்கவாட்டில் வளைந்து கீழ்நோக்கி நீளும் கழுத்து, கழுத்தின் முனை நுழைந்திருக்கும் இன்னொரு குடுவை, அந்தக் குடுவையின் மேல் விழும் குளிர்ந்த நீர். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் இந்த விநோதக் குடுவை எதற்கு என்ற கேள்வி வகுப்பில் எழுவதே இல்லை. நியாயமாக அதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி.

ரிடார்ட் என்பது காய்ச்சி வடிப்பதற்கான பாத்திரம். வயிற்றில் திரவத்தை ஊற்றிச் சூடாக்கினால் ஆவி மேலே எழும். உச்சிக்கு வந்த ஆவிக்கு வெளியேற ஒரே வழி அந்த வளைந்த கழுத்துதான். கழுத்து நீளமானது, நெருப்புக்குத் தள்ளி இருப்பது, சுற்றிலும் காற்று படுவது. அதனால் அதன் வழியே போகும் ஆவி குளிர்ந்து துளிகளாகி, சரிவில் இறங்கி, முனையில் வைத்த பாத்திரத்தில் சொட்டும். உச்சியை எட்டுவதற்குள் குளிர்ந்துவிடும் ஆவி மறுபடி வயிற்றுக்கே வழிந்துவிடும். வளைவைத் தாண்டியது மட்டும் வெளியே போகும். கொதிகலம், மூடி, குளிர்விக்கும் குழாய் என்ற மூன்று உறுப்புகளின் வேலையையும் ஒரே துண்டுக் கண்ணாடி செய்துவிடுகிறது. இந்த "ஒரே துண்டு" என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரிடார்ட்டின் கதை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

பெயர் லத்தீனிலிருந்து வந்தது. திருகு, முறுக்கு என்ற பொருளுள்ள 'டார்க்வேர்' என்ற வினைக்கு முன்னால், திரும்ப என்ற பொருள் தரும் 'ரே' சேர்ந்தது 'ரெடார்க்வேர்'. பின்னோக்கி வளைக்கப்பட்டது என்ற பொருளில் அதிலிருந்து பிறந்தது 'ரெடார்ட்டா'. இடைக்கால ஐரோப்பாவில் காய்ச்சி வடிப்பவர்கள் கழுத்து வளைந்த பாத்திரத்தை இந்தப் பெயரால் அழைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்க வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. வெடுக்கென்று திருப்பிச் சொல்லும் பதிலுக்கும் ஆங்கிலத்தில் ரிடார்ட் என்ற இதே சொல் வழங்குகிறது. வந்த சொல்லை வளைத்து வந்த வழியே எறிவது என்ற கருத்து அது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. என்ஜின் விளம்பரங்களில் வரும் டார்க்கும் (முறுக்குவிசை), பேச்சில் புழங்கும் டார்ச்சரும் இதே 'டார்க்வேர்' குடும்பம்தான்.

ஆக, பெயர் சொல்வது வடிவத்தை மட்டும்தான். இந்த வடிவம் ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொள்ள, இதற்கு முன்னால் இருந்த பாத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் அலெம்பிக். கிரேக்கத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் 'அம்பிக்ஸ்' என்ற சொல் அரபியில் 'அல்-அன்பீக்' ஆகி, அங்கிருந்து லத்தீனுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் போனது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் எகிப்தில் வாழ்ந்த கிரேக்க ரசவாதிகளிடம் இந்தக் கருவி இருந்தது. யூதப் பெண்மணி மரியா செய்ததாகச் சொல்லப்படும் மூன்று குழாய்க் கருவியைப் பற்றி, கி.பி. 300 வாக்கில் வாழ்ந்த சோசிமோஸ் எழுதியிருக்கிறார். பின்னால் அரபு உலகில் அல்-கிந்தி, அல்-ராசி போன்றவர்கள் பன்னீரும் நறுமணத் தைலங்களும் மருந்துகளும் வடிக்க இதையே பயன்படுத்தினார்கள். அலெம்பிக்கில் இரண்டு துண்டுகள். கீழே பொருளை இட்டுச் சூடாக்கும் பானை. அதன் லத்தீன் பெயர் 'குகுர்பிட்டா', அதாவது சுரைக்காய். மேலே கவிழ்த்து வைக்கும் தொப்பி. அதன் பக்கத்தில் ஆவி குளிர்ந்து வழியும் மூக்கு. கண்டிப்பாகச் சொன்னால் அந்தத் தொப்பிதான் அலெம்பிக். நாளடைவில் முழுக் கருவிக்கும் அதுவே பெயரானது. வடோதராவில் 1907இல் தொடங்கிய மருந்து நிறுவனத்துக்கு வைத்த அலெம்பிக் என்ற பெயரும் இதுதான்.

இரண்டு துண்டு என்றாலே நடுவில் ஒரு மூட்டு வந்துவிடுகிறது. அந்த மூட்டின் வழியே ஆவி கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் பழைய காலத்து வடிப்பவர்களின் தீராத கவலை. களிமண், சாணம், ரோமம், முட்டையின் வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, மாவு என்று விதவிதமாகக் குழைத்துப் பூசினார்கள். ஐரோப்பாவில் அந்தப் பூச்சுக்கு 'ஞானிகளின் சேறு' என்றே பெயர். எவ்வளவு முக்கியமாக அதை நினைத்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

இந்தப் பக்கமும் அதே கவலைதான் இருந்தது. சித்த மருத்துவம் பழகியவர்களுக்குச் 'சீலைமண் செய்தல்' என்றால் உடனே புரியும். துணியில் மண்ணைக் குழைத்துத் தடவி, அகலின் வாயிலும் பானையின் வாயிலும் சுற்றி, காயவைத்து, மறுபடி சுற்றுவார்கள். ஏழு சீலைமண் என்பது செய்முறைகளில் அடிக்கடி வரும் வாசகம். திராவகம் வடிக்கும் கருவிக்குத் தமிழில் வாலை என்று பெயர். வாலை வடிநீர் என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த வாலை. வடமொழி ரச நூலான ரசரத்ன சமுச்சயம் 'திரியக்பாதன யந்திரம்' என்று ஒரு கருவியைச் சொல்கிறது. ஒரு கலத்திலிருந்து சாய்வாக ஒரு நீண்ட குழாய் இறங்கி, இன்னொரு கலத்தின் உள்ளே போகும். மூட்டுகளைத் துணியும் மண்ணும் வைத்து மூட வேண்டும். வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் இந்தக் கருவியைத் தம் இந்திய வேதியியல் வரலாற்றில் விளக்கியிருக்கிறார். சாய்வான கழுத்து என்ற யோசனையில் அது ரிடார்ட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் குழாய் தனி, கலம் தனி. மூட்டு அங்கேயும் உண்டு.

பன்னீரோ சாராயமோ வடிப்பவருக்கு இந்தப் பூச்சு வேலை போதுமானதாக இருந்தது. கொஞ்சம் கசிந்தால் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான். நிலைமை மாறியது அமிலங்கள் வந்தபோது.

1300 வாக்கில், அரபு அறிஞர் ஜாபிரின் பெயரை லத்தீனில் கெபர் என்று ஏற்றுக்கொண்டு யாரோ எழுதிய நூல்கள் ஐரோப்பாவில் உலவின. அவற்றில் ஒரு செய்முறை வருகிறது. சைப்ரஸ் தீவின் விட்ரியோல் ஒரு பவுண்டு, வெடியுப்பு அரை பவுண்டு, படிகாரம் கால் பவுண்டு, சேர்த்து வடி. விட்ரியோல் என்பது அன்னபேதி, துத்தம் போன்ற உலோக சல்பேட்டுகளுக்கான பழைய பெயர். அவற்றைக் கடுமையாகச் சூடாக்கினால் கந்தகத்தின் அமில ஆவி பிறக்கும். அது வெடியுப்பைத் தாக்க, நைட்ரிக் அமிலம் ஆவியாகிப் போகும். நம் சித்தர் முறைத் திராவகங்களிலும் வெடியுப்பு, படிகாரம், அன்னபேதி என்று இதே சரக்குகள் கூடி வருவது வேதியியல் தெரிந்தவருக்கு ஆச்சரியமாக இருக்காது. எங்கே வடித்தாலும் வெடியுப்பு வெடியுப்புதான். வெள்ளியைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது; அதனால் இரண்டையும் பிரிக்கும் பொற்கொல்லர்களுக்கும் நாணயச் சாலைகளுக்கும் இந்தத் திராவகம் இன்றியமையாதது ஆயிற்று.

அந்த ஆவிக்கு முன்னால் சேறும் நிற்காது, துணியும் நிற்காது. மாவுப் பசையும் முட்டைக்கருவும் கருகும். பின்னாளில் வந்த கார்க்கையும் ரப்பரையும் அது அரித்துத் தின்றுவிடும். கண்ணாடியை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு: சூடான ஆவி படும் இடத்தில் கண்ணாடியைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. பானையையும் தொப்பியையும் தனித்தனியாக ஊதிப் பிறகு ஒட்டுவதற்குப் பதிலாக, பானையை ஊதும்போதே அதன் கழுத்தை நீட்டி, சூடு ஆறுவதற்குள் பக்கவாட்டில் மடித்துவிடுவது. மூட்டு இருந்த இடத்தில் வளைவு வந்தது. ரிடார்ட் என்ற பெயர் குறிக்கும் அந்த வளைவு, மூட்டை ஒழித்ததன் தழும்பு என்றே நான் பார்க்கிறேன்.

17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் ருடால்ஃப் கிளாவ்பர் வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் நேரடியாகச் சேர்த்து வடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் பாடப்புத்தகத்தில் இருப்பது அவருடைய முறைதான். வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட்டும் அடர் கந்தக அமிலமும் ரிடார்ட்டுக்குள் போகின்றன, சூடு ஏறுகிறது, நைட்ரிக் அமில ஆவி கழுத்தில் குளிர்ந்து சொட்டுகிறது. அதன் கொதிநிலை 83 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் காற்று மட்டும் போதாமல், பெறும் குடுவையின் மேல் நீரை ஓடவிடுகிறார்கள். வேறு பாடங்களில் தக்கை போட்ட குடுவையும் குழாயும் வருகிறபோது இந்தப் பாடத்தில் மட்டும் ரிடார்ட் வருவதற்கு விடை, தக்கையை இந்த ஆவி அரித்துவிடும் என்பதுதான். ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் மாணவர்களுக்கு அந்தப் படம் மனப்பாடமாக இல்லாமல் விஷயமாகவே புரிந்திருக்கும்.

மூட்டு போனது நல்லது. ஆனால் ரிடார்ட்டைக் கையாளுவது சுலபமில்லை. சாதாரண ரிடார்ட்டுக்கு ஒரே ஒரு வாய்தான், அது கழுத்தின் முனை. அந்த வழியே திரவத்தை ஊற்றினால் கழுத்தின் உட்புறமெல்லாம் ஈரமாகும். பிறகு வடிந்து வரும் முதல் துளிகளில் அந்த அழுக்கும் கலந்து வரும். அதனால் தண்டு மிக நீளமான புனலை வளைவு தாண்டி வயிறு வரைக்கும் நுழைத்து ஊற்ற வேண்டும். வேலை முடிந்த பிறகு அடியில் கட்டியாக இறுகிக் கிடக்கும் கசடை வெளியே எடுப்பது இன்னும் கஷ்டம். பல சமயம் ரிடார்ட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக, உச்சியில் ஒரு சிறு துளையும் அதற்குப் பொருந்தும் கண்ணாடி மூடியும் வைத்த ரிடார்ட் வந்தது. படங்களில் முடிச்சுப்போல உச்சியில் தெரிவது அந்த மூடிதான்.

சூடாக்குவதிலும் தனிப் பக்குவம் உண்டு. வயிற்றின் அடிப்பகுதி மெல்லியதாக, எங்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தால் சூடு சமமாக ஏறாமல் விரிசல் விட்டுவிடும். ஆகவே நேரடித் தீயைத் தவிர்த்து, மணல் நிரப்பிய சட்டியில் பாதி புதைத்தோ, சாம்பலில் வைத்தோ, வெந்நீரில் இறக்கியோ மெதுவாகச் சூடேற்றினார்கள். இன்னும் கடுமையான சூடு வேண்டுமென்றால் ரிடார்ட்டின் வெளிப்புறம் முழுக்க மண் பூசி உலைக்குள் வைத்தார்கள். மூட்டிலிருந்து விரட்டிய மண், வயிற்றுக்குக் கவசமாகத் திரும்பி வந்தது. கண்ணாடி உருகிவிடும் அளவுக்குச் சூடு தேவைப்பட்ட இடங்களில் ரிடார்ட்டையே சுட்ட மண்ணிலும் இரும்பிலும் செய்தார்கள். இந்தச் செய்தி பின்னால் முக்கியமாகப் போகிறது.

நவீன வேதியியலின் அடித்தளச் சோதனைகள் பலவும் இந்தக் குடுவையில் நடந்தவை. சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1770களின் தொடக்கத்தில் ரிடார்ட்டில் வெடியுப்பு போன்ற பொருள்களைச் சூடாக்கி, கழுத்து முனையில் விலங்கின் சிறுநீர்ப்பையைக் காற்றில்லாமல் பிழிந்து கட்டி, வந்த வாயுவை அதில் பிடித்தார். 'தீக்காற்று' என்று அவர் அழைத்த அந்த வாயுதான் ஆக்சிஜன்.

அடுத்து பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கிக் காற்றின் கூறுகளைப் பிரித்த அவருடைய சோதனையின் படத்தில், உலை மேல் இருக்கும் பாத்திரத்தைப் பல புத்தகங்கள் ரிடார்ட் என்று குறிக்கின்றன. லவாய்சியர் 1789இல் வெளியிட்ட தம் நூலில் அதை ரிடார்ட் என்று சொல்லவில்லை. நீண்ட கழுத்துள்ள 'மத்ராஸ்' குடுவை ஒன்றை எடுத்துத் தேவையான வளைவைத் தாமே கொடுத்ததாக எழுதுகிறார். நம் மதராசுக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உருண்டை வயிறும் நேர்க் கழுத்தும் கொண்ட குடுவைக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. அந்த வளைவும் ரிடார்ட்டின் வளைவு அல்ல. கழுத்து முதலில் கீழே இறங்கி, பாதரசத் தொட்டிக்குள் புகுந்து, மறுபடி மேலேறி மணிச்சாடிக்குள் தலைநீட்ட வேண்டும். அங்கே எதையும் வடிக்கவில்லை. குடுவைக்குள் இருக்கும் காற்றும் சாடிக்குள் இருக்கும் காற்றும் ஒன்றாக இருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அதே லவாய்சியர் அதற்கு முன்பே செய்த இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடித்தமானது. நீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது: எவ்வளவு தூய நீரானாலும் கண்ணாடிப் பாத்திரத்தில் வெகுநாள் கொதித்தால் அடியில் தூள் படிகிறதே! 1768 அக்டோபரில் அவர் 'பெலிக்கன்' என்ற பாத்திரத்தை எடுத்தார். ரிடார்ட்டுக்கு உறவுக்காரப் பாத்திரம் அது. ஆவி வெளியே போகாமல், தலையிலிருந்து கிளம்பும் இரண்டு வளைந்த கைகளின் வழியே குளிர்ந்து மறுபடி வயிற்றுக்கே இறங்கும். அலகைத் தன் மார்பில் குத்திக்கொள்ளும் பெலிக்கன் பறவையின் உருவம் ஐரோப்பியச் சிற்பங்களில் பிரபலம். கைகள் வயிற்றில் குத்தி நிற்பதால் அந்தப் பெயர். நீரோடு எடைபோட்டு, மூடி, 101 நாள் விடாமல் சூடாக்கினார். மொத்த எடை மாறவில்லை. ஆகவே நெருப்பிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. பிறகு பாத்திரத்தை மட்டும் எடைபோட்டார். சுமார் 17 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, அது எடை இழந்திருந்தது. நீரில் சேர்ந்திருந்த திடப்பொருளின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்தது. மண் நீரிலிருந்து பிறக்கவில்லை, கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது என்று அவர் முடிவு சொன்னார். இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கையைச் சரித்த அந்தச் சோதனை, எங்கும் திறப்பில்லாத ஒரு பாத்திரம் இல்லாமல் சாத்தியமே இல்லை.

இத்தனை பெருமையுள்ள குடுவை ஆய்வகத்தை விட்டு ஏன் போனது? முதல் காரணம் குளிர்விப்பு. காற்றுப் பட்டுக் குளிரும் கழுத்து, 35 டிகிரியில் கொதிக்கும் ஈதர் போன்ற திரவங்களுக்குப் போதாது. 1771இல் கிறிஸ்டியான் எஹ்ரன்ஃப்ரீட் வைகல் என்ற ஜெர்மானியர், ஒரு குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் வைத்து, நடுவில் எதிர்த்திசையில் நீரை ஓடவிடும் அமைப்பைச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் கீசன் நகரில் யூஸ்டஸ் லீபிக் தம் மாணவர்களிடையே அதைப் பரப்பியதால் இன்று அது லீபிக் கண்டென்சர். இரண்டாவது காரணம் வெப்பமானி. கரிம வேதியியல் வளர்ந்தபோது, எந்த வெப்பநிலையில் எது வடிகிறது என்று துல்லியமாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. சாதாரண ரிடார்ட்டில் வெப்பமானி வைக்க இடமில்லை, கொதிநிலை நெருங்கிய திரவங்களைப் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடித்தலுக்காக நடுவில் ஓர் உயரமான குழாயைச் செருகவும் வழியில்லை. எல்லாம் ஒரே துண்டாக இருக்கிறதே! ஒரு காலத்தில் பலமாக இருந்தது இப்போது முட்டுக்கட்டை ஆனது.

மூன்றாவது காரணம்தான் தீர்மானமானது. 1890களில் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் போரோசிலிக்கேட் கண்ணாடியை உருவாக்கினார். 1915இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் தன்னுடையதைக் கொண்டுவந்தது. சூட்டில் இது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிகம் விரியாத கண்ணாடி கிடைத்ததும், கண்ணாடியோடு கண்ணாடி உரசித் தேய்த்துப் பொருத்தும் மூட்டைச் சூட்டிலும் நம்பலாம் என்றானது. பிறகு எல்லா மூட்டுக்கும் பத்துக்கு ஒன்று என்ற ஒரே சரிவு, நிலையான அளவுகள் என்று ஒழுங்கு வந்தது. எந்தக் கம்பெனி குடுவையும் எந்தக் கம்பெனி கண்டென்சரோடும் பொருந்தும். கல்லூரி ஆய்வகங்களில் பி24 என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இந்த அளவுதான். ஆவி படும் இடமெல்லாம் கண்ணாடி, ஆனால் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம். ரிடார்ட் பிறந்ததே நம்பத்தகுந்த மூட்டு இல்லாததால். மூட்டு வந்துவிட்டது, ரிடார்ட்டுக்கு வேலை போய்விட்டது. இன்றைய வேதியியலாளர் நைட்ரிக் அமிலத்தை வடித்தாலும் மூட்டுப் போட்ட குடுவையில்தான் வடிக்கிறார்.

பெயர் மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே ஆய்வகத்தின் வாசலைத் தாண்டியிருந்தது. இரும்பிலும் சுட்ட மண்ணிலும் ரிடார்ட் செய்தார்கள் என்றேனே, அதன் வழியாகத்தான். நிலக்கரியைக் காற்றில்லாமல் மூடிச் சூடாக்கினால் எரியும் வாயு வரும். அதுவும் ஒரு வகையில் வடிப்புதான். வில்லியம் மர்டாக் 1792இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரெட்ரூத் என்ற ஊரில், இரும்பு ரிடார்ட்டில் நிலக்கரியைச் சூடாக்கிக் குழாய் வழியே வாயுவைக் கொண்டுவந்து தம் வீட்டில் விளக்கேற்றினார். அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் நகரங்கள்தோறும் வாயு ஆலைகள். கல்கத்தாவின் தெருக்களில் 1857இல் வாயு விளக்கு எரிந்தது. அந்த ஆலைகளில் வரிசையாகப் படுக்கவைத்த தீக்களிமண் குழாய்களுக்கு ரிடார்ட் என்றே பெயர், அவை இருந்த கட்டடத்துக்கு ரிடார்ட் ஹவுஸ். அந்தக் குழாய்களின் உட்சுவரில் கெட்டியாகப் படிந்த கரியை உடைத்தெடுத்து வில் விளக்குகளுக்கும் மின்கலங்களுக்கும் மின்முனை செய்தார்கள். அதன் பெயர் ரிடார்ட் கார்பன். இந்தக் குழாய்களில் வளைந்த கழுத்து எதுவும் கிடையாது. பெயர் வடிவத்தைக் கைவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்ட இடம் இதுதான்: மூடிய கலம், வெளியிலிருந்து சூடு.

அந்தப் பொருள் வந்ததும் சொல் பல திசைகளில் போனது. அமெரிக்காவில் தகனக் கூடத்தின் எரி அறைக்கும் ரிடார்ட் என்பார்கள். ஜெர்மானியர் செயற்கையாகப் படைத்த எதையும் 'ரிடார்ட்டிலிருந்து வந்தது' என்று சொல்வது வழக்கம். நாம் சோதனைக் குழாய் குழந்தை என்கிறோமே, அது அவர்களுக்கு ரிடார்ட் குழந்தை. வரைபடம் போட்டு மொத்தமாகக் கட்டி எழுப்பிய புதுநகரம் அவர்களுக்கு ரிடார்ட் நகரம்.

நம் வீடுகளுக்குள் இந்தச் சொல் வந்திருப்பது சாப்பாட்டு வழியாக. சமைத்து அடைத்த உணவைக் கெடாமல் வைக்க பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட வழி, பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வேகவைப்பது. நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. பருப்பு, காய்கறி, இறைச்சி போன்ற புளிப்பில்லாத உணவில் ஒளிந்திருக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது. 1874இல் பால்டிமோர் நகரின் ஆண்ட்ரூ ஷ்ரைவர், நீராவியை அழுத்தத்தில் அடைத்து அதைவிட அதிக சூடு தரும் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டு பிரஷர் குக்கரைப் பிரம்மாண்டமாக்கினால் எப்படியோ அப்படி. அந்தக் கலத்துக்கும் ரிடார்ட் என்ற பெயரே வந்தது. இன்று உணவுத் தொழிற்சாலையில் ரிடார்ட் என்றால் இதுதான். 121 டிகிரி அதன் வழக்கமான வெப்பநிலை. இங்கே வடிப்பதும் இல்லை, வளைவதும் இல்லை. அதனால் இந்த இடத்தில் வாலை என்று மொழிபெயர்ப்பது தவறாகிவிடும். அழுத்தக் கலன் என்பது பொருந்தும்.

டப்பாவின் இடத்தில் பை வந்தது அடுத்த கட்டம். ஜப்பானில் 1968இல் பான் கறி என்ற பெயரில் பையில் அடைத்த குழம்பு விற்பனைக்கு வந்தது. அந்த வகைக்கே அங்கு 'ரெடோருட்டோ கரே' என்று பெயர். கரே என்பது நம் கறிதான், ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. இந்தியாவில் மைசூருவில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சி ஆய்வகம், படைவீரர்களுக்காக இந்தப் பைகளில் நம் ஊர்ச் சாப்பாட்டை அடைக்கும் முறைகளை உருவாக்கியது. கடையில் இன்று கிடைக்கும் சூடாக்கிச் சாப்பிடும் பாக்கெட்டுகளில் பல இந்த வகைதான்.

அந்தப் பையில் வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியத் தாள், உள்ளே பாலிப்ரொப்பிலீன் என்று அடுக்குகள் ஒட்டியிருக்கும். தட்டையாக இருப்பதால் சூடு நடுப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். டப்பாவில் வேகும் அளவுக்கு உணவு குழைந்துபோகாது. கிருமிகளைக் கொன்ற பிறகு வெளியிலிருந்து எதுவும் உள்ளே போக முடியாதபடி இருப்பதால்தான், கெடாமலிருக்க மருந்து சேர்க்காமலே மாதக்கணக்கில் அறை வெப்பத்தில் இருக்கிறது. எல்லாம் பையின் ஓரத்தைச் சூட்டில் ஒட்டிய அந்த மெல்லிய பட்டையின் கையில் இருக்கிறது. வாங்கும்போது அந்தப் பட்டையில் மடிப்போ கசிவோ தெரிந்தாலும், பை உப்பியிருந்தாலும் எடுக்க வேண்டாம். திறந்த பிறகு அது சாதாரணச் சமைத்த உணவுதான். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும்.